விசில் பேருக்கு ஒரு பவர் பத்திரம்

எனக்கு மறதி நோய் வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, என் மகளிடம் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். "இப்ப ஆரம்பம்தான். ஆனா கூடிக்கிட்டே போகும்" என்றார் அவளைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். காரணமில்லாமல் சிரிக்கிற டாக்டரை நான் நம்புவதில்லை.

மகள் என்னைச் சும்மா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதற்கு முந்தின வாரம் நான் காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போயிருக்கிறேன். வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. நான் டவர் கிரேன் ஓட்டியவன். கட்டடம் கட்டுகிற இடத்தில் எல்லாருக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, கம்பியையும் கான்கிரீட்டையும் தூக்கிக் கொடுக்கிற வேலை. கடைசியாக வேலை செய்த இருபத்தாறு மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் "ஏணி எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டேனாம். அவள் லிஃப்டைக் காட்டினாளாம். "லிஃப்டுல ஏறினா கிரேனுக்குப் போக முடியுமா? யாரும்மா உன்னை வேலைக்கு வச்சது?" என்று சத்தம் போட்டேனாம். சட்டைப் பையில் மகள் எழுதி வைத்திருந்த நம்பரைப் பார்த்து அந்தப் பெண் போன் செய்தாள். எனக்கு ஒரு டீயும் கொடுத்தாள். அந்த டீ மட்டும் ஞாபகம் இருக்கிறது. நல்ல டீ.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் மகள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். தினமும் கடைக்குப் போகிற வழியில் வந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, விழுங்கிவிட்டேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். இளையவன் மகன். ரயிலில் நாலு மணி நேரம் தள்ளி வேறு ஊரில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன். "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, கதவைப் பூட்டினீங்களாப்பா." மூன்று கேள்வி, மூன்றுக்கும் நான் "ம்". ஆறு மணிக்கு யாரும் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட மாட்டார்கள் என்பது இருபது வருடமாக அவனுக்குத் தோன்றவில்லை.

இரண்டும் நல்ல பிள்ளைகள்தான். இரண்டையும் நான் முழுதாக நம்பியதில்லை. அவர்களைச் சமாளிக்கிற வேலையை என் மனைவி பார்த்துக்கொண்டாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் யாரையும் சமாளிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இவருக்குப் புத்தி தெளிவா இருக்கும்போதே யாருக்காவது பவர் எழுதி வாங்கிக்கங்க. அப்புறம்னா கோர்ட்டுதான்." எனக்குப் புத்தி போன பிறகு என் வீடு, என் வைத்தியம், நான் எங்கே இருப்பது, எல்லாவற்றையும் எனக்குப் பதிலாக முடிவு செய்ய ஒரு ஆளுக்குக் கொடுக்கிற அதிகாரம். அதுதான் பவர் பத்திரம்.

ஒரே வாரத்தில் இரண்டு பத்திரம் வந்தது. ஒன்றை மகள் கொண்டுவந்தாள். இன்னொன்றை மகன் கூரியரில் அனுப்பினான். இரண்டிலும் அதே எழுத்து, பேர் மட்டும் வேறு. நான் அஞ்சாம் கிளாசோடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். 'மேற்படியார்' என்று வருகிற எந்தக் காகிதத்திலும் ஏதாவது வில்லங்கம் இருக்கும். இரண்டையும் சேர்த்து மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தேன். உயரம் கச்சிதமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் என் வீட்டில் இருக்கும்போதே மகன் போன் செய்தான். அவள் போனைப் பிடுங்கி, எனக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள்.

"அப்பாவை அந்த முதியோர் ஹோமுல கொண்டுபோய்த் தள்ளத்தானே உனக்குப் பவர்?"

"தள்ளறதா? தோட்டம் இருக்கு, நர்ஸ் இருக்கு, என் வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம். நீ நாள் பூரா கடையில இருக்கே. அப்பா மறுபடியும் பஸ் ஏறினா யாரு பிடிப்பா?"

"நான் பிடிப்பேன். நீ ரயில் பிடிச்சு வர்றதுக்குள்ள பிடிச்சுடுவேன்."

"அது இருக்கட்டும்க்கா. கீழ் ரூமை அளக்க ஆள் வந்தானாமே, எதுக்கு? இப்பவே குடி வரப் போறியா?"

"பாத்ரூமுல அப்பா பிடிச்சுக்கக் கம்பி போடறதுக்குடா, மடையா! உனக்கு யாரு சொன்னது?"

"அப்பாதான்."

சொன்னவன் நான்தான். அளக்க ஆள் வந்தான் என்பது ஞாபகம் இருந்தது, சொன்னேன். எதற்கு வந்தான் என்பது மறந்துவிட்டது, சொல்லவில்லை. இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசிய பேச்சை எழுத வேண்டாம். என் மனைவி இருந்திருந்தால் இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்திருப்பாள். கடைசியில் மகள் போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தாள். ஒரு மாதம் அக்காளும் தம்பியும் பேசவில்லை.

மகள் பேரை எழுதினால் மகன் வாசல்படி மிதிக்க மாட்டான். மகன் பேரை எழுதினால் மகள் மாத்திரை கொடுக்க வருவாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். வீடு இருந்தால் என்ன, விற்றால் என்ன. ஒருவரை இழந்துவிட்டு, அதையும் மறந்துபோய், "அவன் ஏன் வரலை?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருப்பேனே, அதுதான் என் பயம்.

கடைசியில் ஒரு வக்கீலிடம் போனோம், சின்ன வயதுப் பெண். மகனும் மகளும் ஆளுக்கொரு வழியாக வந்து, அவள் ஆபீஸ் பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அவள் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

"இந்தப் பேப்பர் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுதா ஐயா?"

"நான் உயிரோட இருக்கும்போதே நான் இல்லாத மாதிரி நடந்துக்க அனுமதி."

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். "ரெண்டு பிள்ளைங்க பேரையும் போடலாம். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும்னு எழுதினா, ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா எல்லாமே நின்னுடும். உங்களை ஆஸ்பத்திரியில சேர்க்கக்கூட முடியாது."

"கோவிச்சுக்குவாங்க."

"தெரியுது. வெளியில பார்த்தேன். சரி, உலகத்துல நீங்க யாரை முழுசா நம்பறீங்க?"

யோசிக்காமல் வாயில் வந்தது. "விசில்."

"யாரு?"

விசில் என்பவன் என் சிக்னல்காரன். கிரேன் கேபினில் இருந்து பார்த்தால் கொக்கி எங்கே இறங்குகிறது என்று பாதி நேரம் தெரியாது, சுவர் மறைக்கும். கீழே ஒருவன் நின்று கையைக் காட்டுவான். தூக்கு, இறக்கு, இடது, வலது. வாக்கி டாக்கி வருவதற்கு முன்னால் இவன் விசில் ஊதுவான், அதனால் அந்தப் பேர். இருபத்திரண்டு வருடம் அவன் கையைப் பார்த்து நான் தூக்கினேன். ஒருவர் தலையில் ஒரு செங்கல்கூட விழவில்லை. ஆனால் அவன் வீட்டுக்கு நான் போனதில்லை, என் வீட்டுக்கு அவன் வந்ததில்லை. நான் சாப்பிடுவதுகூட மேலே கேபினில்தான். அவன் முகத்தைவிட அவன் கைதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

வக்கீல் பெண் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே பேர்தான். புத்தி தெளிவாக இருக்கிறவன் யார் பேரை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எழுதப்படுகிற ஆள் சம்மதிக்க வேண்டும் என்றாள்.

வெளியே வந்து பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு மாதம் பேசாத இரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்தது.

"யாருப்பா அந்த ஆளு?" என்றான் மகன்.

"அம்மா செத்ததுக்குக்கூட வராத ஆளு!" என்றாள் மகள்.

"அந்த ஆளுக்கும் வயசு எழுபத்தஞ்சு எழுபத்தாறு இருக்கும்க்கா. அவருக்கு மறதி வந்தா யாரு பவர்?"

"அதைக் கேளு. நல்லா கேளு."

என் பழைய கம்பெனிக்குப் போன் செய்து விலாசம் வாங்கி, இருவரும் என்னை நடுவில் போட்டுக்கொண்டு ஒரே டாக்சியில் ஏறினார்கள். விசில் வீட்டுக்குப் போய் அவனைப் பார்த்தே தீர வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். வழியெல்லாம் எனக்கு ஏச்சு. "உங்களுக்கு ரத்தம் பெருசா, கொக்கி பெருசா?" என்று மகள் கேட்டாள். மகன், "அக்கா சொல்றது சரிப்பா" என்றான். இந்த வாக்கியத்தை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது, அதனால்.

விசில் வீடு தரைத்தளம். ஒரு ஹால், ஒரு அறை. ஹாலில் மேசை போட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காதில் மெஷின். அவன் மனைவி நாற்காலிகளை இழுத்துப் போட்டு, "இவருதான் மேலயா?" என்று அவனிடம் கேட்டாள். அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல இருப்பவன் என்பதால் 'மேல' என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன மேல, கீழ வந்துட்டே?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"எனக்கு வேணாம்."

"ஏன்டா?"

"உன்னை எனக்குப் பிடிக்காது, அது ஒண்ணு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் 'சாப்டியா'ன்னு கேட்டிருப்பியா?"

"நீ கேட்டியா?"

"நானும் கேக்கலை. அதான் சொல்றேன்."

மகனுக்குக் குஷியாகிவிட்டது. "ஐயாவே வேணாங்கறாரு, விடுங்கப்பா."

"நீ இரு தம்பி, இன்னும் முடிக்கலை" என்றான் விசில். என் பக்கம் திரும்பினான். "நான் நல்லவன்னு நினைச்சுத்தானா நீ என் கையைப் பாத்தே? பாரத்துகிட்ட நான் நின்னேன், நீ நிக்கலை. அவ்வளவுதான். கொக்கியை யாரு கண்ணால பாக்கறானோ அவன்தான் சிக்னல் குடுக்கணும். இங்கேருந்து உன் வீடு எனக்குத் தெரியுதா? நீ மாத்திரை போட்டியான்னு எனக்குத் தெரியுமா? என்கிட்ட பவரைக் குடுத்தா நான் கண்ணை மூடிக்கிட்டுக் கை காட்டணும். ஆளு செத்துடுவான்."

மகள் மெதுவாக, "நான்தான் தினமும் பாக்கறேன்" என்றாள். மகன் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப நான் யாரு? வேடிக்கை பாக்கறவனா?"

"அதுக்கும் முறை இருக்கு தம்பி. தூக்கு, இறக்குன்னு ஒருத்தன்தான் சொல்லணும். ரெண்டு பேரு கை காட்டினா கிரேன்காரன் பைத்தியமாயிடுவான். ஆனா நிறுத்துன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம். எவன் சொன்னாலும் நிறுத்தணும். ஒரு தடவை சைட்டுல சமையல் பண்ற அம்மா ஓடி வந்து 'நிறுத்து நிறுத்து'ன்னு கத்தினாங்க. மேல, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நேற்று மறந்துபோகும், அது மறக்காது. கம்பிக் கட்டு பாதி உயரத்தில் தொங்கியது. கட்டியிருந்த இரும்புக் கயிறு ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டிருந்தது. விசில் நின்ற பக்கத்திலிருந்து அது தெரியவில்லை. கையில் கரண்டியோடு அந்த அம்மாதான் பார்த்தாள். நான் நிறுத்தினேன். கீழே ஏழு பேர் இருந்தார்கள்.

"ஆளாளுக்கு நிறுத்தினா வேலை எப்படிங்க நடக்கும்?" என்று மகள் கேட்டாள். அவள் என் மகள், சும்மா தலையாட்ட மாட்டாள்.

"நிறுத்தறவன் அங்கேயே வந்து நின்னு காரணம் சொல்லணும். தூரத்துலேர்ந்து கத்திட்டுப் போயிடக் கூடாது. காரணம் சரின்னா மாத்திக் கட்டுவோம். காரணம் இல்லாம நிறுத்தினவனுக்கு நாள் பூரா ஏச்சு. மறுபடி தூக்கச் சொல்றது மட்டும் சிக்னல்காரன்தான்."

விசில் மனைவி டீ கொண்டுவந்தாள். குடிக்கும்போது மகன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நேர்ல வரணுமா? போன் செல்லாதா?" என்று கேட்டான்.

"போன்ல உனக்குக் கொக்கி தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன கேள்வி?"

மகன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அக்காளைப் பார்க்காமலே, "எனக்குச் சம்மதம்க்கா" என்றான். அவள் மூக்கை உறிஞ்சினாள். "கம்பியை நீயே பாத்து வாங்கு, பாத்ரூமுக்கு. நீதானே சந்தேகப்பட்டே" என்றாள். "வாங்கறேன்" என்றான். புறப்படும்போது விசில் என்னிடம், "மேல, சாப்டியா?" என்றான். "இல்லை" என்றேன். "நாங்க சாப்டாச்சு. கிளம்பு" என்றான்.

அப்படியே எழுத முடியுமா என்று வக்கீல் பெண்ணிடம் கேட்டோம். எழுதலாம் என்றாள். மகளுக்குப் பவர். வீட்டை விற்பது, என்னை வேறு இடத்தில் கொண்டுபோய் வைப்பது, அவசரமில்லை என்று டாக்டர் சொல்கிற ஆபரேஷன், இந்த மாதிரிப் பெரிய விஷயங்களில் மகன் நேரில் வந்து நிறுத்தலாம். இருவரும் பேசி முடிக்கும் வரை அது நடக்காது. நான் ஒவ்வொரு வரியையும் வக்கீல் பெண்ணை இரண்டு முறை படிக்கச் சொல்லி, பிறகு மகனை ஒருமுறை படிக்கச் சொன்னேன். ஒரே மாதிரி படிக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமே. ஒரே மாதிரிதான் படித்தார்கள்.

கையெழுத்துப் போடும் முன் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான் நிறுத்தலாமா?"

வக்கீல் பெண் இருவரையும் பார்த்தாள். "சட்டப்படி, உங்களுக்குத் தெளிவு இல்லாத காலத்துல உங்க பேச்சு செல்லாது ஐயா. அதுக்காகத்தானே இந்தப் பத்திரமே. வேணும்னா உங்க விருப்பம்னு ஒரு வரி எழுதறேன். அதை மதிக்கறதும் மதிக்காததும் இவங்க கையில."

"எழுதும்மா" என்றேன். "புத்தி போனப்புறமும் நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

"எழுதுங்க" என்றாள் மகள். மகன் தலையாட்டினான். காகிதத்தில் எழுதிவிட்டால் ஆயிற்றா? நான் அன்றைக்கு நம்பவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன், பெரிதாக.

அது ஆகி நாலு மாதம். முதல் மாதமே மகள் காஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின்சார அடுப்பு வைக்க வேண்டும் என்றாள். நான் இரண்டு முறை அணைக்காமல் விட்டிருந்தேன். மகன் போனில் "நிறுத்து" என்றான். "போன் செல்லாது. அங்கே நின்னு கத்தாதே, வா" என்றாள். அது பத்திரத்தில் உள்ள பெரிய விஷயமே இல்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தான். சமையலறையில் நின்று காரணம் சொன்னான். "அப்பாவுக்குன்னு இருக்கற ஒரே வேலை டீ போடறதுதான். புது அடுப்புல எந்தப் பட்டனை அமுக்கணும்னு அவருக்குப் பிடிபடாது. அதையும் விட்டுடுவாரு." மகள் யோசித்தாள். கால் மணி நேரத்தில் தானாக காஸ் நின்றுபோகிற ஒரு வால்வை மாட்டினார்கள். இருவரும் குனிந்து அதைத் திருகிக்கொண்டிருந்தபோது, அடுப்புக்குப் பின்னால் இருந்து என் மூக்குக்கண்ணாடி கிடைத்தது.

அதற்கப்புறம் மாதம் இரண்டு முறை வருகிறான். நிறுத்துவதற்கு எதுவும் இருப்பதில்லை. வந்து சோபாவில் தூங்குகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு செய்திருந்தார்கள். மகள் வேலைக்குப் போகிற நாட்களில் நான் பகலில் மட்டும் போய் இருக்க ஒரு இடம். இந்த ஊரிலேயே, பஸ்ஸில் பதினைந்து நிமிஷம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. சட்டை மாற்றினேன். வாசலில் டாக்சி நின்றது. மகள் தரையில் உட்கார்ந்து எனக்கு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நான் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினேன். கிரேன் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"நிறுத்து."

அவள் கை நாடாவிலேயே நின்றது. வாசலில் இருந்த மகன் திரும்பிப் பார்த்தான். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். மகன் அவரிடம் கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"என்னப்பா? காரணம் சொல்லுங்க."

இருந்தது ஒன்று. கையை நீட்டும்போது நிச்சயமாக இருந்தது. வாயைத் திறந்தேன். இல்லை.

"மறந்துபோச்சு" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது தூக்குவார்கள் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, "வாங்கப்பா, ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லி ஏற்றிவிடுவார்கள். ஊரில் எல்லாரும் செய்வது அதுதான், தப்பு சொல்ல முடியாது.

"காரணம் இல்லாம நிறுத்தினா நாள் பூரா ஏச்சுன்னு அந்த விசில் சொன்னாரே" என்றான் மகன்.

"ஏசு, பாப்போம்" என்றாள் மகள்.

அவன் ஏசவில்லை. வெளியே போய் டாக்சியை அனுப்பிவிட்டு வந்தான். மகள் நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, கதவுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.

நான் எழுந்து போய் டீ போட்டேன். மூன்று தம்ளர். மகனுடையதில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டிருக்க வேண்டும், முதல் வாயில் அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி கேக்கறேன்ப்பா" என்றாள் மகள்.

கேட்கட்டும்.